பார்ன்ஸ் பிளேஸில் எழுதப்பட்ட 2010

கொழும்பு மருதானையில், டி.ஆர். விஜேவர்த்தன மாவத்தையோரம் வரிசையாக இருக்கும் பழைய புத்தகக் கடைகளில் சற்றுப் பொறுமையாகத் தேடினால் ஆதர் சி. கிளார்க்கின் ஏதாவதொரு நாவல் அகப்படும். '2010: ஒடிஸி டூ' எனக்கு அப்படிக் கிடைத்ததுதான். வெள்ளவத்தைக்குத் திரும்பும் பஸ்ஸில் புரட்டியபோது, கதைக்கு முன்னரே ஒரு குறிப்பு கண்ணில் பட்டது. நாவல் எழுதப்பட்ட இடம் கொழும்பு. காலம் 1981 ஜூலை முதல் 1982 மார்ச் வரை.

அதற்கு ஒரு மாதம் முன்னர், 1981 மே 31 இரவு தொடங்கி, யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாகின. வடக்கில் ஒரு சமூகத்தின் கடந்த காலம் எரிந்து முடிந்த சில வாரங்களில், கொழும்பு 07, பார்ன்ஸ் பிளேஸிலுள்ள வீடொன்றில் ஒரு மனிதர் மனிதகுலத்தின் எதிர்காலத்தை எழுத உட்கார்ந்திருக்கிறார். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவுமில்லை. ஆனாலும் அந்தத் திகதியைக் கண்ட பிறகு நாவலை வெறும் விண்வெளிக் கதையாக என்னால் வாசிக்க முடியவில்லை. அதை எழுதியவர் யார், எப்படி இங்கு வந்தார், எங்களுக்கு அவர் யார் என்று தேடத் தொடங்கினேன்.

சொமர்செட்டிலிருந்து கொழும்புக்கு

ஆதர் சார்ள்ஸ் கிளார்க் 1917 டிசெம்பர் 16 அன்று இங்கிலாந்தின் சொமர்செட் பகுதியிலுள்ள மைன்ஹெட் என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். கமக்காரக் குடும்பம். தந்தை இறந்தபோது அவருக்கு 13 வயது. பல்கலைக்கழகம் போக வசதியில்லாமல் 1936இல் லண்டனுக்குச் சென்று அரசாங்கக் கணக்காய்வுப் பிரிவில் எழுதுவினைஞரானார். இரண்டாம் உலகப் போரில் விமானப்படையில் ராடார் பிரிவில் பணியாற்றினார். போர் முடிந்த பிறகுதான் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் கணிதமும் பௌதிகமும் படித்து முதல் வகுப்பில் தேறினார்.

விமானப்படைச் சீருடையைக் களைவதற்கு முன்னரே, 1945 ஒக்டோபரில், ஒரு வானொலித் தொழில்நுட்பச் சஞ்சிகையில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. பூமத்திய ரேகைக்கு மேலே, நிலத்திலிருந்து ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியை நிறுத்தினால், அது பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றி வரும். கீழே நின்று பார்ப்பவருக்கு அது ஒரே இடத்தில் நிற்பது போலத் தோன்றும். அப்படி மூன்று செய்மதிகள் இருந்தால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம். அப்போது வானில் ஒரு செய்மதிகூட இல்லை. இருபது ஆண்டுகளுக்குள் அது நடந்தேறியது. அந்தச் சுற்றுப்பாதை இன்று அவர் பெயராலும் அழைக்கப்படுகிறது. அவர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை.

1954 டிசெம்பரில் அவுஸ்திரேலியாவின் பவளப்பாறைகளில் சுழியோடுவதற்காகக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, வழியில் கொழும்பில் அரை நாள் தங்கினார். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் பணியாற்றிய சுழியோடி ரொட்னி ஜொங்க்லாஸைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பு அவருடைய வாழ்க்கையின் திசையை மாற்றியது. 1956இல் தன் நண்பர் மைக் வில்சனுடன் இலங்கைக்கு வந்தார். அதன் பிறகு இறக்கும்வரை, ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக, இதுவே அவருடைய ஊர்.

1956 எங்களுக்கு வேறொரு காரணத்துக்காக மறக்க முடியாத ஆண்டு. அந்த ஜூனில்தான் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. ஒருவர் இந்தத் தீவைத் தன் வீடாகத் தெரிவு செய்த அதே ஆண்டில், இன்னும் பலருக்கு அது வீடுதானா என்ற கேள்வி எழுந்தது. 1975இல் வதிவிட விருந்தினர் என்ற ஏற்பாட்டை அரசாங்கம் கொண்டுவந்தபோது, அதில் முதலில் பயனடைந்தவர் கிளார்க். குடியுரிமை கேட்காமலே அவர் இங்கு நிரந்தரமாக வாழலாம். மலையகத்தில் தலைமுறைகளாக உழைத்த இலட்சக்கணக்கானோர் அதே காலத்தில் குடியுரிமைக்காகக் காத்திருந்தார்கள். இது அவருடைய குற்றமல்ல. ஆனால் அவருடைய வாழ்க்கையை இங்கிருந்து வாசிக்கும்போது இதை விட்டுவிட்டு வாசிக்க முடியாது.

கோணேசர் மலையின் அடியில்

வந்த ஆண்டிலேயே கிளார்க்கும் வில்சனும் திருகோணமலைக் கடலில் இறங்கினார்கள். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்துக் கடலில் தள்ளியதைத் தம்பலகாமத்திலும் திருகோணமலையிலும் சின்னப்பிள்ளைகளும் அறிவார்கள். மலையின் அடியில் தூண்களும் செதுக்கிய கற்களும் கிடப்பதைச் சுழியோடிகள் படம் பிடித்தார்கள். 1957இல் வெளிவந்த கிளார்க்கின் 'த றீவ்ஸ் ஒவ் தப்ரபேன்' நூலில் அந்த அனுபவம் பதிவாகியிருக்கிறது. எங்கள் பெரியவர்கள் வாய்வழியாகச் சொல்லிவந்ததற்கு, கடலடியிலிருந்து வந்த சாட்சியம் அது.

மைக் வில்சன் பிறகு 1962இல் 'ரன் முத்து தூவ' என்ற முதலாவது வண்ணச் சிங்களத் திரைப்படத்தை எடுத்தார். பின்னாளில் காவி கட்டி சுவாமி சிவகல்கி ஆனார். கிளார்க் எந்த மதத்திலும் சேரவில்லை. அவருக்குக் கடல் போதுமாக இருந்தது. 1962இல் கடுமையாக நோயுற்றுச் சிறிது காலம் அசைய முடியாமல் கிடந்தார். பின்னர் அது போலியோ என்று தெரியவந்தது. 1980களில் அதன் பின்விளைவு திரும்பி வந்து, இறுதிக் காலத்தில் அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தது. தரையில் தள்ளாடியவர் தண்ணீருக்குள் பாரமற்றவராக நீந்தினார்.

இரண்டு கோள்கள், இரண்டு கதைகள்

1964இல் திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக்குடன் நியூயோர்க்கில் நடந்த சந்திப்பிலிருந்து '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' பிறந்தது. படமும் நாவலும் அருகருகே வளர்ந்தன. 1968 ஏப்ரலில் படம் வந்தது. சில மாதங்களில் நாவல் வந்தது. வழக்கமாகப் படத்தோடு ஒட்டி வரும் நாவல்கள் படத்தில் பார்த்ததையே எழுத்தில் திருப்பிச் சொல்லும். இது அப்படியிருக்கவில்லை.

நாவலில் டிஸ்கவரி விண்கலம் சனிக் கோளுக்குப் போகிறது. படத்தில் வியாழனோடு நின்றுவிடுகிறது. சனியின் வளையங்களை நம்பும்படி திரையில் காட்ட அப்போதைய நுட்பக் கலைஞர்களால் முடியாமற்போனது அதற்குக் காரணம். விண்கலத்தின் கணினி ஹால் இயங்கத் தொடங்கிய ஆண்டு படத்தில் 1992, நாவலில் 1997. ஒரே கதைக்கு இரண்டு காலக்கோடுகள்.

வோயேஜர் விண்கலங்கள் 1979இல் வியாழனைக் கடந்துசென்று படங்களை அனுப்பின. அயோவில் எரிமலைகள் வெடிப்பதையும் யூரோப்பா பனியால் மூடப்பட்டிருப்பதையும் உலகம் பார்த்தது. கிளார்க் இரண்டாவது நாவலை எழுத உட்கார்ந்தபோது, தன் சொந்த முதல் நாவலைத் தொடரவில்லை. படத்தின் பாதையைத் தொடர்ந்தார். '2010' வாசிப்பவர், டிஸ்கவரி முதலிலேயே வியாழனுக்குத்தான் போனது என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். அடுத்து 1987இல் '2061', 1997இல் '3001' வந்தன. ஒவ்வொன்றும் முந்தையதோடு எங்காவது முரண்பட்டது. இவை ஒரே நேர்கோட்டில் வரும் தொடர்ச்சிகள் அல்ல, ஒரே கருவின் வெவ்வேறு வடிவங்கள், ஒரே பிரபஞ்சத்தில் நிகழ்பவையாக இருக்கத் தேவையில்லை என்பது அவருடைய விளக்கம்.

இதை வாசகர்கள் ஒரே மாதிரி எடுத்துக்கொள்ளவில்லை. தான் எழுதியதைத் தானே அழிப்பது வாசகனுக்குச் செய்யும் துரோகம் என்று கருதுவோர் இன்றும் இருக்கிறார்கள். முதல் நாவலை உண்மையென நம்பி வாசித்தவருக்குச் சனிக் கோள் எங்கே போனது? மறுபக்கத்தில், புதிய உண்மை கிடைத்தால் கதையைத் திருத்துவதே நேர்மை என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி. வோயேஜர் காட்டியதை மறைத்துக்கொண்டு பழைய கதையைக் காப்பாற்ற அவர் முயலவில்லை. தான் வளர்ந்த நாட்டில் அதிகாரத்தில் இருப்போரும் அவர்களை எதிர்த்தோரும், தங்கள் கதைக்குப் பொருந்தாத உண்மைகளை என்ன செய்வார்கள் என்று பார்த்து வளர்ந்த ஒருத்திக்கு அந்தப் பழக்கம் பெரிதாகத் தெரிகிறது.

ஆனால் '2010'இல் என்னைத் தடுமாற வைக்கும் ஓரிடமும் உண்டு. கதையின் முடிவில் வியாழன் ஒரு சிறு சூரியனாக எரியூட்டப்படுகிறது. அந்த வெப்பத்தில் யூரோப்பாவின் உயிர்கள் தழைக்க வேண்டும் என்பதற்காக. வியாழனின் மேகங்களில் வாழ்ந்த உயிர்கள் அழிந்துபோகின்றன. அவற்றுக்கு அறிவுவளர்ச்சி வாய்க்காது என்று மேலிருந்து யாரோ தீர்மானித்துவிட்டார்கள். பல வாசகர்களுக்கு இது பிரமாண்டமான காட்சி. ஒருவருடைய விடிவுக்காக இன்னொருவர் எரிய வேண்டும் என்ற கணக்கை நேரில் அனுபவித்தவர்களால் அந்தப் பக்கத்தைச் சும்மா புரட்டிவிட முடியாது. அந்தக் கணக்கின் கொடூரம் கிளார்க்குக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். எரிந்துபோன உயிர்களை முதலில் அழகாகக் காட்டிவிட்டுத்தான் அவர் அந்த முடிவுக்குப் போகிறார்.

பெயர்கள்

ஹால் கணினியை உருவாக்கியவரை '2001' படத்தில் பார்க்க முடியாது, லாங்லி என்ற பெயரை மட்டும் கேட்கலாம். நாவலில் அவர் கலாநிதி சந்திரா. '2010' நாவலில் அவருடைய முழுப்பெயர் வருகிறது: சிவசுப்பிரமணியம் சந்திரசேகரம்பிள்ளை. யாழ்ப்பாணத்துப் பாடசாலை வரவு இடாப்பிலோ கொட்டாஞ்சேனைத் தேர்தல் இடாப்பிலோ இருக்கக்கூடிய பெயர். உலகின் மிகப் புகழ்பெற்ற கற்பனைக் கணினிக்குத் தகப்பன் அவர். 1984இல் பீட்டர் ஹயம்ஸ் அதைப் படமாக்கியபோது பெயர் சந்திராவாகச் சுருங்கியது, அமெரிக்க நடிகர் பொப் பலபன் நடித்தார். கிளார்க்கும் ஹயம்ஸும் கொழும்பிலிருந்தும் லொஸ் ஏஞ்சலிஸிலிருந்தும் கணினி வழியாகக் கடிதங்கள் பரிமாறியே அந்தப் படத்தைத் திட்டமிட்டார்கள். அந்தப் பரிமாற்றம் 1983இன் பிற்பகுதியில் தொடங்கியது.

நாவல் வெளிவந்தது 1982இல். மறு ஆண்டு ஜூலையில், பார்ன்ஸ் பிளேஸிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில், வெள்ளவத்தையில் தமிழர் வீடுகளும் கடைகளும் தேடித் தேடி எரிக்கப்பட்டன. வாக்காளர் இடாப்புகளோடு வந்தவர்கள் பெயரைப் பார்த்தே வீட்டை அடையாளம் கண்டார்கள். நாவலில் வியாழன் வரை போய்த் தன் கணினியை மீட்டெடுத்த அந்தப் பெயர், அந்த வாரம் காலி வீதியில் ஒருவரைக் கொல்லப் போதுமானதாக இருந்தது.

பெயர் ஒரு நாவலை என்ன செய்யும் என்பதற்கு இன்னொரு சம்பவமும் உண்டு. '2010'ஐ கிளார்க் இருவருக்குச் சமர்ப்பித்திருந்தார். ஒருவர் விண்வெளி வீரர் அலெக்ஸி லியனோவ். மற்றவர் அந்த நேரத்தில் கோர்க்கி நகரில் காவலில் வைக்கப்பட்டிருந்த விஞ்ஞானி அந்திரே சகாரொவ். கதையில் வரும் சோவியத் விண்கலத்தின் ஆட்களுக்கு அவர் வைத்த பெயர்கள் சோவியத் அதிருப்தியாளர்களுடையவை. 1984இல் மொஸ்கோவில் இளைஞர்களுக்கான ஒரு தொழில்நுட்பச் சஞ்சிகை நாவலைத் தொடராக வெளியிடத் தொடங்கியது. இரண்டு பகுதிகள் வந்த பிறகுதான் பெயர்களின் பொருள் அதிகாரிகளுக்கு உறைத்தது. தொடர் நிறுத்தப்பட்டது. ஆசிரியர் பதவியிழந்தார். கோர்பச்சேவ் காலத்தில்தான் மீதி வெளிவந்தது. பயந்த வாசகர் எவ்வளவு கவனமாக வாசிப்பார் என்பதை ஊடகத்தில் வேலை செய்யும் எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

வெள்ளவத்தைத் தொலைபேசிகள்

'2010'இன் கையெழுத்துப் பிரதி கொழும்பிலிருந்து நியூயோர்க்குக்கு ஒரேயொரு கணினித் தட்டில் போனது. கடைசித் திருத்தங்கள் பாதுக்க தரை நிலையத்தின் ஊடாக, இந்து சமுத்திரத்துக்கு மேலிருந்த இன்டெல்சற் செய்மதி வழியே போயின. 1945இல் தான் எழுதிய யோசனையின் மேலேயே தன் நாவலை ஏற்றி அனுப்பினார்.

அந்தத் தரை நிலையத்தின் வழியே எங்களுடைய வாழ்க்கையும் போனது. 1990களில் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி இல்லை. அங்கிருந்து கப்பலிலும் வவுனியா வழியாகவும் வந்தவர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ்களில் தங்கி, கொமியுனிகேஷன் கடைகளில் வரிசையில் நின்றார்கள். லண்டனிலோ டொரோண்டோவிலோ இருந்த மகன் அழைக்கும் நேரத்துக்காக ஒரு தாய் கண்ணாடிக் கூண்டுக்குப் பக்கத்தில் வாங்கில் இருப்பார். நிமிடத்துக்கு இவ்வளவு என்று மணிக்கூடு ஓடும். 2009இல் வன்னியின் கடைசி நாட்களில் வெளியே வந்த குரல்களிற் பல செய்மதித் தொலைபேசிகளில் வந்தவை. யாரை அனுப்பினார்கள், யார் உயிரோடிருக்கிறார்கள் என்ற கேள்விகள் வானத்துக்குப் போய்த் திரும்பின. சிலவற்றுக்கு இன்னும் பதில் வரவில்லை.

கிளார்க் 1979 முதல் 2002 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தார். அந்தக் காலத்தில் அங்கு பட்டம் பெற்று, பிறகு உலகின் பல மூலைகளுக்கும் சிதறிய தமிழ்ப் பொறியியலாளர்கள் எத்தனையோ பேர். சந்திரசேகரம்பிள்ளைகள் கற்பனையில் மட்டும் இருக்கவில்லை.

நாங்கள் வாழ்ந்த 2001, நாங்கள் வாழ்ந்த 2010

1979இல் வெளிவந்த 'த ஃபவுண்டன்ஸ் ஒவ் பரடைஸ்' நாவலில் கிளார்க் இந்தத் தீவையே நகர்த்தினார். பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறும் ஒரு கோபுரத்துக்குப் பூமத்திய ரேகை தேவைப்பட்டது. ஆகவே இலங்கையைத் தப்ரபேன் என்று பெயர்மாற்றி, ஏறக்குறைய 800 கிலோமீற்றர் தெற்கே கொண்டுபோய் வைத்தார். சீகிரியாவும் சிவனொளிபாதமலையும் வேறு பெயர்களில் அதில் வருகின்றன. ஹியூகோ, நெபியூலா ஆகிய இரு விருதுகளும் அதற்குக் கிடைத்தன. வரைபடத்தில் தீவை நகர்த்த அவரால் முடிந்தது. உள்ளே நடந்துகொண்டிருந்ததை நகர்த்த யாராலும் முடியவில்லை.

அவருடைய 2001இல் மனிதர்கள் சந்திரனில் குடியிருந்தார்கள். எங்களுடைய 2001 ஜூலையில் கட்டுநாயக்க விமான நிலையம் எரிந்தது. அவருடைய 2010இல் சோவியத் வீரர்களும் அமெரிக்கர்களும் ஒரே கலத்தில் வியாழனுக்குப் போனார்கள். எங்களுடைய 2010இல் சோவியத் ஒன்றியம் இல்லை, மெனிக் முகாமில் சனங்கள் இன்னும் தறப்பாள்களுக்குக் கீழே இருந்தார்கள். மாற்றுக் காலங்களைப் பற்றிய நாவல்களை மற்றவர்கள் விளையாட்டாக வாசிக்கலாம். 1956இல் அந்தச் சட்டம் வந்திராவிட்டால், 1981இல் அந்தத் தீ வைக்கப்படாவிட்டால் என்று எங்கள் வீடுகளில் இரவுச் சாப்பாட்டின்போது கேட்டுக்கொள்வதும் அதே வகைக் கதைதான். எங்களுக்கு அது பொழுதுபோக்கு அல்ல.

கடைசி விருப்பம்

2007 ஜூன் 7 அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, கொச்சிக்கடை லொட்ஜ்களில் இருந்த தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்கு, கிழக்கு நோக்கி அனுப்பினார்கள். 376 பேர் என்று பதிவானது. மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்த நவம்பர் இறுதியில் நடந்த குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, டிசெம்பர் முதல் நாட்களில் தலைநகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் சுற்றிவளைத்துப் பிடிக்கப்பட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் பூசா முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

அதே டிசெம்பர் 16 அன்று கிளார்க்குக்கு 90 வயது. அதையொட்டி வெளியிட்ட காணொளியில் அவர் மூன்று விருப்பங்களைச் சொன்னார். வேற்றுலக உயிர்களுக்கு ஆதாரம் கிடைக்க வேண்டும். மனிதகுலம் எண்ணெயைக் கைவிட்டுத் தூய சக்திக்கு மாற வேண்டும். மூன்றாவது, இலங்கையில் நிலையான சமாதானம் வர வேண்டும். அரசியலில் குரலெழுப்புபவராக அவர் அறியப்பட்டவரல்லர். ஜூலைகளைப் பற்றி அவர் இன்னும் அதிகமாகப் பேசியிருக்கலாம் என்று நினைக்கும் தமிழ் வாசகர்களோடு எனக்கு முரண்பாடில்லை. ஆனால் சாகும் தறுவாயில், உலகம் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்கையில், வேற்றுலக உயிருக்குச் சமமாக வைத்து எங்கள் தீவின் சமாதானத்தை அவர் கேட்டார் என்பதையும் நான் பதிவு செய்ய விரும்புகிறேன்.

சரியாக ஒரு மாதம் கழித்து, 2008 ஜனவரி 16 அன்று, போர்நிறுத்த உடன்படிக்கை உத்தியோகபூர்வமாக முடிவுக்கு வந்தது. மார்ச் 19 அன்று கிளார்க் கொழும்பில் இறந்தார். போர் எப்படி முடியும் என்பதை அவர் பார்க்கவில்லை.

எந்த மதச் சடங்கும் வேண்டாம் என்று எழுதிவைத்திருந்தபடி, பொரளை கனத்தை மயானத்தில், தனக்கு முன்னரே மறைந்த நண்பர் லெஸ்லி ஏக்கநாயக்கவின் அருகில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். 1983 ஜூலை 24 இரவு, கொல்லப்பட்ட 13 படையினரின் இறுதிச் சடங்குக்காகக் கூட்டம் திரண்டதும் அங்கிருந்து வன்முறை கொழும்பெங்கும் பரவியதும் அதே மயானத்திலிருந்துதான். அவருடைய நாவல்களை வாசித்த பிறகு ஒருநாள் அங்கு போனேன். நகரத்தின் நடுவே அமைதியான, மரங்கள் நிறைந்த இடம். அந்த இரவு கூட்டம் கலைந்து பேசாமல் வீடு போயிருந்தால் என்று யோசித்தபடி சிறிது நேரம் நின்றேன். அந்தக் கதையை அவர் எழுதவில்லை. அதை எழுத வேண்டியவர்கள் நாங்கள்தான்.